பாரிஸ் போக எந்த வழி? மாட்டுங்கா ஒர்க்ஷாப்காரன் கொடுக்கும் ஃபிட் சர்டிபிகேட்

மும்பை தாராவிப் பக்கம் லேபர் கேம்பில் எங்கள் தெருவிலிருந்து மட்டும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் இப்போது பாரிஸில் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் துபாய், மஸ்கட் என்று போன தெரு. நானும் வீட்டுக்காரியும் 2025 செப்டம்பரில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியதிலிருந்து டீக்கடையில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. "அண்ணாச்சி, எந்த பிளைட்டு? இறங்கி எப்படிப் போனிய? டாக்ஸியா, ரயிலா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பாராட்டுவதும் திட்டுவதும் விளங்காது. 1986-ல் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் சேர்ந்து 2025-ல் ஓய்வு பெற்றவன். 1915-ல் தொடங்கிய ஷாப் அது. லோக்கல் பெட்டிகளைத் தூக்கி, போகியை, அதாவது அடியில் இருக்கிற சக்கரக் கூட்டை, கழற்றி, பிரித்துப்போட்டு மறுபடி பூட்டுகிற வேலை. அங்கே கற்றது ஒன்றுதான்: பெட்டி தானாகச் சீக்கிரம் கெடாது. ஒன்றோடு ஒன்று சேர்கிற இடம் இருக்கிறதே, கப்ளிங், ஹோஸ் பைப், ஜம்பர் கேபிள், அங்கேதான் வினை. பயணமும் அப்படித்தான். வானத்தில் ஒன்பது மணி நேரம் ஒன்றும் ஆகாது. இறங்கி அடுத்த வண்டிக்கு மாறுகிற அந்த நாற்பது நிமிஷம்தான் ஆளைக் கொல்லும். இதோடு வீட்டுக்காரிக்கு வலது முழங்கால் தேய்மானம். எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்றாலும் அவளுடைய கேள்வி ஒன்றே ஒன்று: "எத்தன படி?" ஆகவே இந்த மதிப்பீட்டில் மாறுகிற இடங்களையும் படிகளையும் எண்ணியிருக்கிறேன். சீட்டு மெத்தென்று இருந்ததா, சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்பதை வேறு யாராவது எழுதட்டும்.

மும்பையிலேயே தொடங்குகிறேன். 2025 மே 10-ஆம் தேதி அக்வா லைன் மெட்ரோவை வொர்லி வரை நீட்டினபோது தாராவிக்கும் ஸ்டேஷன் வந்துவிட்டது. தாராவியில் ஏறினால் பி.கே.சி., பாந்த்ரா காலனி, சாந்தாக்ரூஸ், டொமெஸ்டிக், சஹார் ரோடு, அடுத்தது டி2. நம்முடைய தாராவியிலிருந்து பூமிக்கடியில் நேராக இன்டர்நேஷனல் ஏர்போர்ட்! ரயில்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக, கைவீசிக்கொண்டு, ஒத்திகை பார்த்தேன். வண்டி பிரமாதம். ஆனால் ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் போகிற விமானங்களில் நிறைய நள்ளிரவு தாண்டிக் கிளம்புகிறவை. மெட்ரோ ராத்திரி பத்தரை வாக்கில் படுத்துவிடும். எங்கள் விமானம் விடிகாலை நாலு மணிக்கு. ஒன்பது மணிக்கே போய் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம் என்று நான் சொன்னதற்கு வீட்டில் வந்த பதிலை இங்கே எழுத முடியாது. காலி-பீலி, அதாவது கறுப்பு-மஞ்சள் டாக்ஸிதான். ஒரே ஒரு சின்னப் பெட்டியோடு பகல் விமானத்துக்குப் போகிறவர்கள் மெட்ரோவைத் தாராளமாக எடுக்கலாம். இருபத்து மூன்று கிலோ பெட்டி இரண்டு, அதில் ஊறுகாய் பாட்டில் நாலு என்றால் வேண்டாம்.

விசாவைப் பற்றி இரண்டே வரி. ஷெங்கன் விசா, அதாவது பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, அதன் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. நாங்கள் போனபோது ஒரு யூரோ நூற்று மூன்று ரூபாய் வாக்கில் இருந்தது. விண்ணப்பம் வி.எஃப்.எஸ். என்கிற ஏஜென்சி வழியாக. ஆறு மாதம் முன்னதாகவே கொடுக்கலாம் என்பது விதி, கொடுத்துவிடுங்கள். கோடை விடுமுறைக்கு முன்னால் தேதி கிடைப்பதற்குள் ஆள் வெளுத்துவிடுவார்.

இனி விமானம். மும்பையிலிருந்து பாரிஸுக்கு ஏர் பிரான்ஸ் நேராகப் போகிறது. ஒன்பது பத்து மணி நேரம். மகள் ஒவ்வொரு தடவையும் அதில்தான் வருவாள். "எப்பா, நேரா வர்றதுல எடுங்க, அம்மாவுக்கு முடியாது" என்று போனில் நூறு தடவை சொன்னாள். நான் பார்த்தேன்: நேராகப் போக ஆளுக்கு நாற்பத்து நாலாயிரம். வளைகுடாவில் மாறிப் போனால் முப்பத்தோராயிரம். இரண்டு பேருக்கு இருபத்தாறாயிரம் மிச்சம். ஆயுசு முழுக்க ரயில்வே பாஸில் போனவனுக்கு டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பதே வயிற்றெரிச்சல். வளைகுடாவை எடுத்தேன்.

கம்பெனி பெயர் வேண்டாம். மாறுவதற்கு ஒன்றேகால் மணி நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. சட்டப்படி போதுமாம். மும்பையில் நாற்பது நிமிஷம் லேட். அங்கே இறங்கினால் விமானம் கேட்டில் நிற்கவில்லை, மைதானத்தின் நடுவே நிறுத்தி ஏணி போட்டார்கள். ஏணி என்றால் இருபத்துச் சொச்சம் படி. கீழே பஸ். சொல்லி வைத்திருந்த வீல்சேர் பஸ் இறக்கிவிடுகிற இடத்திலும் இல்லை. வேறொரு வீல்சேரைப் பிடித்து, செக்யூரிட்டியில் பெல்ட்டைக் கழற்றி, லிஃப்டில் ஏறி, குட்டி ரயில் ஒன்றில் உட்கார்ந்து, கேட்டுக்குப் போனால் கண்ணாடிக்கு வெளியே எங்கள் விமானம் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கப்ளிங் விட்டுப் போச்சு. அடுத்த நாள் விமானத்தில் இடம் கொடுத்தார்கள், தங்க அறையும் கொடுத்தார்கள், குறை சொல்லக் கூடாது. ஆனால் திங்கட்கிழமை பாரிஸில் இறங்க வேண்டியவர்கள் செவ்வாய்க்கிழமை இறங்கினோம். ஒரு பெட்டி புதன்கிழமை வந்தது. அதிலிருந்த மாத்திரைகளை நினைத்து இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. இருபத்தாறாயிரம் மிச்சம் பிடித்தவனை வீட்டுக்காரி ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வளைகுடா வழியை மொத்தமாக அன்ஃபிட் என்று தள்ளமாட்டேன். மாறுவதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் இருக்கிற டிக்கெட்டாகப் பார்த்து எடுங்கள், மருந்தைக் கைப்பையில் வையுங்கள். வயசானவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால் மட்டும் நேரடி விமானத்துக்குக் காசைக் கொட்டிவிடுவது நல்லது. ஏறினால் ஏறினது, இறங்கினால் இறங்கினது. ஒரு மாற்றமும் இல்லை.

ஷார்ல் து கோல் விமான நிலையம். 1974-ல் திறந்தது. பரந்து கிடக்கிறது. டெர்மினல்களுக்கு இடையே டிரைவர் இல்லாத குட்டி ரயில் ஒன்று இலவசமாக ஓடுகிறது, அதன் பெயர் சி.டி.ஜி.வால். டெர்மினல் 1-ல் இறங்கினால் அதைப் பிடித்தால் ஆர்.இ.ஆர். ரயில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவிடும், டெர்மினல் 2-ல் ஸ்டேஷன் அங்கேயே இருக்கிறது. இங்கேயிருந்துதான் எனக்கு உற்சாகம் பிறந்தது.

ஆர்.இ.ஆர். பி என்பது நம்முடைய லோக்கல். மெட்ரோ வேறு, இது வேறு. ஊருக்கு வெளியே வடக்கிலிருந்து தெற்கே பாரிஸின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போகிற புறநகர் ரயில். மகள் இருப்பது தெற்கே அந்தோனி என்கிற ஊரில். ஏர்போர்ட்டில் ஏறினால் அந்தோனியில் இறங்க வேண்டியதுதான். ஒரு மாற்றம் கிடையாது, சுமார் ஒரு மணி நேரம். ஊருக்குள் கார் து நோர் என்கிற பெரிய ஸ்டேஷன் வரைக்கும் அரை மணி, நின்று நின்று போகிற வண்டியானால் இன்னும் ஐந்து நிமிஷம்.

வண்டி பழசு. எம்.ஐ. 79 என்கிற வகை, 1980 வாக்கில் ஓட ஆரம்பித்தவை, பிறகு உள்ளே புதுப்பித்திருக்கிறார்கள். ஏறினவுடனே தரையைப் பார்த்தேன், கதவின் சறுக்கலைப் பார்த்தேன், இணைப்பில் காது வைத்தேன். "சாமி கும்பிடுற மாதிரி நிக்காதிய, உக்காருங்க" என்றாள் வீட்டுக்காரி. அவளுக்கு எப்படிப் புரியும்? இந்த வண்டி இரண்டு மின்சாரத்தில் ஓடுகிறது. வடக்கே 25,000 வோல்ட் ஏ.சி., தெற்கே 1,500 வோல்ட் டி.சி. மாறுகிற இடம் கார் து நோர் ஸ்டேஷன். நம்ம மும்பையிலும் 1925 பிப்ரவரியில் வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார ரயில் ஓடினதிலிருந்து 1,500 வோல்ட் டி.சி.தான். அதை 25,000 ஏ.சி.க்கு மாற்றி முடிக்க வெஸ்டர்ன் லைனில் 2012 ஆச்சு, ஹார்பர் லைனில் 2016. நடுவில் இரண்டிலும் ஓடுகிற ஏ.சி-டி.சி ரேக்குகளைக் கட்டி மேய்த்தவர்கள் நாங்கள். மாறுகிற இடத்தில் லைட் ஒரு நொடி அணைந்து எரியும், ஜனங்கள் திட்டுவார்கள், எங்களுக்கு மட்டும் தெரியும் ஏன் என்று. கார் து நோரில் வண்டி நின்றபோது தலைக்கு மேலே விசிறிச் சத்தம் அடங்கித் திரும்ப எழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் "எப்பா, என்னாச்சு?" என்கிறாள். வோல்டேஜ் மாறினதற்கு அழுதேன் என்று எப்படிச் சொல்வது?

2009 வரைக்கும் அந்த ஸ்டேஷனில் ஓட்டுநரும் மாறுவாராம். வடக்குப் பாதை ஒரு நிர்வாகம், தெற்குப் பாதை இன்னொரு நிர்வாகம். சென்ட்ரல்காரனும் வெஸ்டர்ன்காரனும் தாதர் பாலத்தில் முறைத்துக்கொள்வது மாதிரி.

புகழ்ந்தது போதும். நாளைக்கு ஒன்பது பத்து லட்சம் பேர் போகிற தடம் அது. காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பெட்டியோடு ஏறினால், குர்லாவில் ஏறிப் பழகின நமக்குப் பெரிசாகத் தோன்றாது, பெட்டியைத்தான் வைக்க இடம் இருக்காது. அதைவிட ஒரு கஷ்டம்: கார் து நோருக்கும் அடுத்த ஸ்டேஷன் ஷாத்லேக்கும் நடுவே உள்ள சுரங்கத்தில் ஆர்.இ.ஆர். பி, ஆர்.இ.ஆர். டி இரண்டும் ஒரே ஜோடித் தண்டவாளத்தில் போகின்றன. ஒன்று இருமினால் மற்றதற்கும் ஜுரம். விமானத்தைப் பிடிக்கப் போகும்போது ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள், கூட்டத்தில் கை வைக்கிறவர்கள் அங்கேயும் உண்டு.

தடம் இரண்டு முனையிலும் பிரியும். நம்ம ஹார்பர் வடாலாவில் பன்வேலுக்கும் கோரேகாவுக்கும் பிரிகிற மாதிரி. தெற்கே பூர்-லா-ரென் என்ற இடத்தில் ஒரு கிளை ரோபின்சோனுக்குப் போய்விடும். வடக்கே ஓல்னே என்ற இடத்தில் ஒரு கிளை மித்ரிக்குப் போகும். ஏர்போர்ட்டுக்குத் திரும்பும்போது மித்ரி வண்டியில் உட்கார்ந்தால் போச்சு. இதற்கு ஒரு வழி இருக்கிறது, மருமகன் காட்டினார். ஒவ்வொரு வண்டிக்கும் நாலு எழுத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் எழுத்து இங்கிலீஷ் 'ஈ' என்றால் ஏர்போர்ட், 'ஐ' என்றால் மித்ரி. இண்டிகேட்டரில் பெரிதாகத் தெரியும். நம்ம லோக்கல் இண்டிகேட்டரின் சுருக்கெழுத்தைப் படித்துப் பழகின கண்ணுக்கு இரண்டாம் நாளே பிடிபட்டுவிட்டது.

டிக்கெட் விஷயம்தான் எல்லோரும் சறுக்குகிற இடம். 2025 ஜனவரியிலிருந்து மாற்றிவிட்டார்கள். ஊருக்குள் மெட்ரோ, ஆர்.இ.ஆர். டிக்கெட் எவ்வளவு தூரமானாலும் ஒரே விலை, நாங்கள் போன 2025-ல் 2.50 யூரோ. ஏர்போர்ட்டுக்கு மட்டும் தனி டிக்கெட், அப்போது 13 யூரோ. அதாவது நம்ம காசில் ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல். ஊர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஏர்போர்ட்டில் ஏறினால் செல்லாது, அபராதம். டிக்கெட்டை நவிகோ ஈஸி என்கிற இரண்டு யூரோ கார்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரு கார்டில் இரண்டு பேர் சேர்ந்து போக முடியாது. புருஷன் பெண்டாட்டி ஆனாலும் ஆளுக்கு ஒன்று.

மகள் இதைவிடக் கெட்டிக்காரத்தனம் செய்திருந்தாள். நவிகோ தெக்குவேர்த் என்று ஐந்து யூரோவுக்கு இன்னொரு கார்டு இருக்கிறது, நம்முடைய போட்டோ ஒட்டிக்கொள்வது. அதில் வாரப் பாஸ் ஏற்றலாம், 2025-ல் 31.60 யூரோ. ஏர்போர்ட், ஊர், சுற்றுப்புறம் எல்லாம் அடக்கம். போக வர ஏர்போர்ட் டிக்கெட் மட்டுமே அப்போது 26 யூரோ என்கிறபோது இது லாபமா இல்லையா, நீங்களே கணக்குப் போடுங்கள். ஆனால் வாரம் என்றால் அவர்கள் கணக்கில் திங்கள் முதல் ஞாயிறு. வெள்ளிக்கிழமை இறங்கிவிட்டு வாரப் பாஸ் கேட்டால் அடுத்த வாரத்துக்குத்தான் கொடுப்பார்கள். திங்களிலோ செவ்வாயிலோ இறங்குகிற மாதிரி டிக்கெட் எடுங்கள். எங்களுக்குத் திங்கள்கிழமை வளைகுடாவில் வீணாகப் போனது, இருந்தாலும் நஷ்டமில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோவை வாங்கி, பிரிண்ட் எடுத்து, ஒட்டி, கையில் வைத்துக்கொண்டு அரைவல் கதவில் நின்றாள் என் மகள். மாட்டுங்கா ரத்தம்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாக்ஸிக்குப் பாரிஸ் நகருக்குள் நிலையான கட்டணம்: நாங்கள் போனபோது ஷார்ல் து கோலிலிருந்து சேன் நதிக்கு வடகரை என்றால் 56, தென்கரை என்றால் 65 யூரோ. நாலு பேர், நாலு பெட்டி என்றால் ரயிலுக்கு ஆளுக்கு 13 கொடுத்ததோடு ஏறக்குறையச் சரியாகிவிட்டது. போர்டு போட்ட வரிசையில் நின்றுதான் ஏற வேண்டும். அரைவல் ஹாலுக்குள்ளேயே வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று காதில் சொல்கிற ஆளோடு போனால் ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும். ஒருத்தன் என்னிடம் 120 கேட்டான். அந்தோனி மாதிரி நகருக்கு வெளியே போகிறவர்களுக்கு இந்த நிலையான கட்டணம் கிடையாது, மீட்டர்தான். ஏர்போர்ட்டிலிருந்து ஒபேரா வரைக்கும் ரோய்சிபஸ் என்று ஒரு பஸ்ஸும் ஓடியது, அதற்கும் அதே 13. படி இல்லை என்பது அதன் சிறப்பு, டிராஃபிக் அதன் குறை. கார் து லெஸ்ட் ஸ்டேஷனிலிருந்து ஏர்போர்ட்டுக்குத் தனி எக்ஸ்பிரஸ் தடம் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார்கள், 2027-ல் என்கிறார்கள். நம்ம ஊர் மெட்ரோ தேதிகளைப் பார்த்தவன், ஓடும்போது நம்புவேன்.

ஐரோப்பாவுக்குள்ளேயே இன்னொரு ஊரிலிருந்து மலிவு விமானத்தில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிக்கெட்டில் 'பாரிஸ் போவே' என்றிருந்தால் அது பாரிஸிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற இடம். லோனாவ்லாவில் இறக்கிவிட்டு மும்பை என்று சொல்கிற கதை. ஓர்லி என்றால் நல்லது. 2024 ஜூனிலிருந்து 14-ஆம் நம்பர் மெட்ரோ ஓர்லி வரைக்கும் வந்துவிட்டது. டிரைவர் இல்லாத வண்டி, எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட். எங்கள் வீட்டில் பாரிஸ் முழுக்க மனசாரப் பாராட்டப்பட்ட ஒரே வண்டி இந்தப் பதினாலுதான். 1900-ல் தொடங்கின பழைய மெட்ரோக்களில் லிஃப்டைத் தேடிக் களைத்துப்போய், படி எண்ணி எண்ணி, ஒரு ஸ்டேஷனில் எண்பத்தேழில் நிறுத்திவிட்டாள். மிச்சத்தை நான் எண்ணினேன்.

கார் து நோரைப் பற்றி இன்னொன்று. அங்கே இறங்கி ஐந்து நிமிஷம் நடந்தால் லா ஷபெல். அங்கே உள்ள இலங்கைத் தமிழர்கள் வாயில் அது லாச்சப்பல். ஃபோபூர் சேன்-தெனி தெருவில் தமிழ் போர்டுகள், வாழைத்தண்டு, முருங்கைக்காய், நகைக்கடை, சலூன், புடவைக்கடை. கொஞ்சம் தள்ளி மாணிக்க விநாயகர் ஆலயம், வருஷா வருஷம் தேர் இழுத்துத் தெருவில் தேங்காய் உடைக்கிறார்களாம். இரண்டு பெட்டியும் வந்து சேர்ந்த பிறகு ஒரு நாள் போனோம். டீயும் உளுந்து வடையும் சொன்னேன். கல்லாவில் இருந்தவர் என் தமிழைக் கேட்டதும் நிமிர்ந்தார். "அண்ணை இந்தியாவோ? எந்த இடம்?" பம்பாய் என்றேன். "அங்கயும் தமிழாக்கள் இருக்கினமோ?" லேபர் கேம்பைப் பற்றி நான் சொல்ல, அவர் வந்த கதையை அவர் சொல்ல, வடை ஆறிப்போனது. அவர் இந்த ஊருக்கு வந்து சேர நாலு நாடு, எட்டு மாதம். நான் வளைகுடாவில் ஒரு நாள் பிந்தியதை அவரிடம் சொல்லவில்லை. ஊரில் இறங்கியதும் சோற்றுக்குத் தவிக்கிறவர்கள் ஆர்.இ.ஆர். டிக்கெட்டோடு இந்தத் தெருவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏர்போர்ட்டிலிருந்து மாறாமல் வரலாம் என்பது எவ்வளவு பெரிய வசதி.

செப்டம்பர் 18, வியாழக்கிழமை, நாடு முழுக்க வேலைநிறுத்தம். மெட்ரோவில் பெரும்பாலான தடங்கள் காலை மாலை மட்டும். ஆள் இல்லாமல் ஓடுகிற 1, 4, 14 மூன்றும் எப்போதும்போல. மகள் ஆபீஸ் போகமுடியாமல் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள், மருமகன் முணுமுணுத்தார். எனக்குக் கோபமே வரவில்லை. 1974 மே மாதம் நம்ம நாட்டில் இருபது நாள் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்ததே, அப்பாவும் அதில் இருந்தார். எனக்கு ஒன்பது வயசு. கஞ்சியும் வெங்காயமும் மூன்று வேளை. அன்றைக்கு யாரோ ஒரு பயணி அப்பாவைத் திட்டியிருப்பார். ஆகவே பாரிஸ் போகிறவர்களுக்குச் சொல்வது: வேலைநிறுத்தத்தை அங்கே முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும். அன்றைக்கு ஏர்போர்ட் போகவேண்டியிருந்தால் டாக்ஸிக்குக் காசு எடுத்து வையுங்கள்.

திரும்பும்போது வேறு வழி. என் ஆசைக்காக.

உண்மையான ஆசை கடலுக்கடியில் போவது. லண்டனிலிருந்து யூரோஸ்டார் என்கிற அதிவேக ரயிலில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் கார் து நோர். 1994-ல் திறந்த சுரங்கம், ஐம்பது கிலோமீட்டர் நீளம், அதில் முப்பத்தெட்டு கடலுக்குக் கீழே. ஆனால் ஷெங்கன் விசா அங்கே செல்லாது. பிரிட்டன் விசா தனி, 2025-ல் ஆளுக்கு 127 பவுண்டு. சுரங்கத்தில் இருபது நிமிஷம் இருட்டைப் பார்க்க இவ்வளவா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. விட்டுவிட்டேன். ஷெங்கனும் பிரிட்டன் விசாவும் இரண்டும் கையில் இருக்கிறவர்கள் எனக்காக ஒரு தடவை போய்வாருங்கள்.

அதற்குப் பதிலாக ஆம்ஸ்டர்டாம். மும்பையிலிருந்து அங்கே கே.எல்.எம். நேராகப் போகிறது, 2025 ஜூலையில் இண்டிகோவும் தொடங்கியது. ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு நேர் கீழேயே ரயில்வே ஸ்டேஷன். பாரிஸ் யூரோஸ்டார் அங்கே நிற்கிறது. மூன்று மணி நேரச் சொச்சம். மருமகன் பஸ்ஸில் போனால் பாதி விலை என்றார். ஏழெட்டு மணி நேரம் உட்கார முழங்கால் சம்மதிக்காது என்று அதை முளையிலேயே கிள்ளினேன். இரண்டு மாதம் முன்னதாக எடுத்ததால் யூரோஸ்டார் ஆளுக்கு 59 யூரோ. கடைசி வாரத்தில் பார்த்தால் அதுவே மும்மடங்கு. ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒரு கைப்பை அனுமதி. தராசில் வைத்து எடை பார்க்கிற ஆள் யாரும் இல்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே நாலு கிலோ கூடுதலாகக் கட்டினாள் மகள். (ஸ்கிபோலில் விமானக் கவுண்டரில் அந்த நாலு கிலோவைப் பிரித்து என் கோட்டுப் பாக்கெட்டுகளில் வைத்தது வேறு கதை.) பாரிஸ்-ஆம்ஸ்டர்டாமுக்கு நடுவே பாஸ்போர்ட் சோதனைக் கவுண்டர் கிடையாது. டிக்கெட்டைக் கேட்டில் காட்டினால் கதவு திறக்கும்.

அந்த வண்டி. சிவப்பு நிறம். இந்தத் தடத்தில் ஓடுகிறவற்றில் பி.பி.கே.ஏ. என்று ஒரு வகை, நாலு விதமான மின்சாரத்தில் ஓடக்கூடியது. பிரான்ஸுக்கு ஒன்று, பெல்ஜியத்துக்கு ஒன்று, ஜெர்மனிக்கு ஒன்று, நெதர்லாந்தின் பழைய தடத்துக்கு நம்ம பழைய 1,500 டி.சி. கார் து நோரில் முன்னதாகவே போய் பிளாட்பாரத்தில் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு போகி என்றுதான் முப்பத்தொன்பது வருஷம் கழற்றி மாட்டினேன். இங்கே இரண்டு பெட்டி சேர்கிற இடத்தில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே போகி. ஒரு பெட்டி இன்னொன்றை விட்டு விலக வழியே இல்லை. கப்ளிங்தான் வினை என்று சொன்னேனே, இவர்கள் அந்த இடத்தையே பலமாக ஆக்கிவிட்டார்கள். இதே வடக்குத் தடத்தில் 1993 டிசம்பரில் ஒரு டி.ஜி.வி., பிரான்ஸின் அதிவேக ரயில், 294 கிலோமீட்டர் வேகத்தில் தடம் புரண்டது. முதல் உலகப் போரில் தோண்டின பதுங்குகுழி மழையில் உள்வாங்கித் தண்டவாளத்துக்குக் கீழே பள்ளம். பெட்டிகள் மடங்கவும் இல்லை, கவிழவும் இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. ஷாப்பில் எங்கள் பழைய சீனியர் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். பெட்டி உள்ளே உட்கார்ந்து, 300-ல் போகும்போது, டம்ளர் தண்ணீரை மேஜையில் வைத்தேன். தளும்பியது, சிந்தவில்லை.

ஆண்ட்வெர்ப் ஸ்டேஷனைத் தாண்டும்போது தூங்கிவிடாதீர்கள். ரோட்டர்டாம் தாண்டினால் பெட்டியை இறக்கத் தயாராகுங்கள், ஸ்கிபோலில் ரொம்ப நேரம் நிற்காது. இறங்கியதும் லிஃப்ட், மேலே டெர்மினல். எத்தனை படி என்று நானே எண்ணிப் பார்த்தேன். பிளாட்பாரத்திலிருந்து விமான இருக்கை வரைக்கும் பூஜ்யம். வீட்டுக்காரி அன்றைக்குத்தான் சிரித்த முகமாக இருந்தாள். மும்பைக்கு எட்டு மணி நேரச் சொச்சம், தூங்கிக்கொண்டே வந்தோம்.

ஆக, என்னைக் கேட்டால்: வயசானவர்கள், முதல் தடவை, மொழி தெரியாது என்றால் நேரடி விமானம், ஆர்.இ.ஆர். பி, ஸ்டேஷனில் பிள்ளைகள் யாராவது நிற்கவேண்டும். ஃபிட். கையில் நேரமும் ரயில் மேல் ஆசையும் உள்ளவர்கள் ஆம்ஸ்டர்டாம் வழி, ஆனால் டிக்கெட்டை முன்னதாக எடுத்தால் மட்டும். விமானமும் ரயிலும் தனித்தனி டிக்கெட், ஒன்று தாமதமானால் மற்றொன்று காத்திருக்காது. நாலு மணி நேர இடைவெளி வையுங்கள். இதுவும் ஃபிட். வளைகுடா வழி, ரிப்பேருக்குப் பிறகு ஓட்டலாம்.

மும்பையில் இறங்கினபோது ராத்திரி ஒரு மணி. மெட்ரோ தூங்கிவிட்டது. தாராவி என்றதும் கிட்டத்துச் சவாரி என்று மூன்று டாக்ஸி முகம் சுளித்தது, நாலாவது வந்தது. அக்டோபரில் அக்வா லைன் கஃப் பரேட் வரைக்கும் திறந்துவிட்டார்கள். பகலில் இறங்குகிற விமானமாக எடுத்திருந்தால் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தே பார்த்திருப்பேன்.

அடுத்த மாதம் மூன்றாம் வீட்டுக்காரர் கிளம்புகிறார். "அந்த நவிகோ கார்டு சும்மாதான கிடக்கு, குடுங்க அண்ணாச்சி, அஞ்சு யூரோ மிச்சம்" என்று வந்து நின்றார். எடுத்துக் காட்டினேன். என் போட்டோ ஒட்டியிருக்கிறது, கீழே கையெழுத்து. பாஸ் ஆள் மாறிப் போனால் என்ன ஆகும் என்று ரயில்காரனிடமா கேட்பது? ரயில்வே பாஸ் புத்தகத்துக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டேன். அவருக்கு ஐந்து யூரோதான் நஷ்டம், வாரப் பாஸை மட்டும் திங்கட்கிழமை கணக்குப் பார்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். டிக்கெட் வெள்ளிக்கிழமைக்கு எடுத்து வைத்திருக்கிறார்.